கடலம்மா படித்த கவர்கள்

அலைவாய் அடிகள் வந்து இறங்கிய அன்று எங்கள் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் நடக்கவில்லை. புயல் கூண்டு ஏற்றிய நாளில்கூட ஏதாவது ஒரு கூடை விலை போகும். அன்று ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரம் வாய் பிளந்து கிடந்தது. ஏலக்கூடத்தில் ஊர் வாய் பிளந்து நின்றது.

ஊர் எது என்கிறீர்களா? காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரிமேடு, மண்டபத்தூர் என்று நீளுகிற கடற்கரையில் எங்கோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளை எனக்கு அங்கே மீன் கொடுக்க மாட்டார்கள். பகுத்தறிவு முக்கியம்தான், நெத்திலியும் முக்கியம்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பிளெக்ஸ் தொடங்கிவிட்டது. "திருடனைக் காட்டும் தெய்வக்கண்! பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கும் ஒரே மகான்!" படத்தில் அடிகளார் அலைமேல் நின்றுகொண்டிருந்தார். நேரில் வந்தபோது, முந்தாநாள் பெய்த மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்ட முடியாமல் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. காலில் விழுவதற்கு இடம் பிடிக்கும் அவசரம்.

அவரை ஏன் அழைத்தார்கள்? ராஜ்மோகனின் ஃபைபர் படகிலிருந்து ஜிபிஎஸ் பெட்டி காணாமல் போயிருந்தது. பெட்டியின் விலைகூடப் பெரிதல்ல. கடலுக்குள் எந்தப் பாறையில் மீன் அடைகிறது என்று பன்னிரண்டு வருடமாக அவர் குறித்து வைத்த இடங்கள் எல்லாம் அதற்குள்தான். கட்டிய மனைவிக்கும் சொல்லாத இடங்கள். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்த வாரத்தில் பெட்டி போய்விட்டது.

போலீசுக்குப் போனார்களா? போகவில்லை. கடலுக்குள் மீன் எங்கே என்று வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஊர், அந்தப் பெட்டியை எடுத்தவன் யார் என்று எலுமிச்சம்பழத்தைக் கேட்க முடிவு செய்தது. பஞ்சாயத்துத் தலைவர் தியாகராசன் தலைமையில், ஏகமனதாக!

முதல் நாள் காட்சிக்கு வருவோம். அடிகளார் ஒரு கொட்டாங்கச்சியில் 'நெய்' ஊற்றினார். தீக்குச்சி இல்லை, லைட்டர் இல்லை. முணுமுணுத்தார். குப்பென்று பற்றியது தீ. "அம்மா தாயே!" என்று கூட்டம் அலறியது. அடுத்து எலுமிச்சம்பழத்தை அறுத்தார். பழத்திலிருந்து ரத்தம் வழிந்தது. இரண்டு பேருக்கு அருள் வந்தது. அதற்கடுத்து ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரில் விரலை விட்டார், தண்ணீர் சிவந்தது. கல்யாண வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆரத்தி கரைத்துக் கரைத்துக் கை சிவந்த பெண்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொந்த அடுப்படியில் நடந்தால் ஆரத்தி. சாமியார் விரலில் நடந்தால் அற்புதம்.

வெறுங்கையிலிருந்து விபூதி கொட்டியது. ஊரில் பாதி வேதக்கார வீடுகள், அதாவது கிறிஸ்தவர்கள், என்பதை விசாரித்துவிட்டு வந்திருப்பார் போல; இன்னொரு கையிலிருந்து மெழுகுவத்தி எடுத்துக் கொடுத்தார். மத நல்லிணக்கத்துக்கு இவரைப் போல உழைத்தவர் யார்?

கடைசி உருப்படிதான் உச்சம். ஐந்து பேரை அழைத்து, மனதில் உள்ள கேள்வியை எழுதிக் கவரில் ஒட்டச் சொன்னார். கவர்களை ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சிவப்புத் துணி போர்த்திய பீடத்தின்மேல் வைத்தார். ஒரு நிமிடம் தியானம். பிறகு பீடத்தை மட்டும் சீடன் பிரவின் தூக்கிக்கொண்டு, 'சமுத்திர பூஜை' என்று வேனுக்குள் போனான். பெட்டி இங்கேயே, எல்லோர் கண் முன்னாலும். கால்மணி நேரம் கழித்து அடிகளார் ஐந்து கேள்விகளையும் வரிக்கு வரி சொன்னார். ஊர் அவ்வளவுதான், விழுந்துவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை திருடன் பேரு வெளிய வரும்" என்று அறிவித்தார் அடிகளார். "வீட்டுக்கு ஒரு கவர். உங்க மனசுல யார் மேல சந்தேகமோ அந்தப் பேர எழுதி ஒட்டுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியில போடுங்க. ராத்திரி பூரா கடலம்மா படிப்பா. மறுநாள் வெள்ளைக் காகிதத்துல அவளே எழுதிக் காட்டுவா."

காணிக்கை வீட்டுக்கு இருநூறு. கடலம்மாவுக்குப் படிப்புக் கூலி.

சரி, யார் மேல் சந்தேகம்? அதைச் சொல்ல அடிகளாரே தேவையில்லை. டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். செல்லக்கண்ணு! படகு இஞ்சின் மெக்கானிக். மண்டபத்தூர்க்காரன், பெண் கட்டி இங்கே வந்தவன். வாய் கொஞ்சம் நீளம். மூன்று மாதத்துக்கு முன்னால் கூலி விஷயமாக ராஜ்மோகனோடு சண்டை போட்டவன். வெளியூரான், வாயாடி, கையில் ஸ்பானர். திருடனாவதற்கு இதைவிடத் தகுதி வேண்டுமா?

பெயர் வந்துவிட்டால் ஊர் விலக்கு என்று பஞ்சாயத்து முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கடையில் சாமான் கிடையாது. பேசினவனுக்கும் அபராதம். அவன் மகளோடு பள்ளிக்கூட வேனில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், செல்லக்கண்ணுவும் அடிகளாரை நம்பினான். "நான்தான் எடுக்கலியே. தெய்வம் பொய் சொல்லுமா? வெள்ளிக்கிழமை என் பேரு கெடாம வெளிய வரும் பாரு" என்று ஒருவாரமாக அமாவாசை விரதம்போல ஒருவேளை சாப்பாட்டோடு இருந்தான். வெட்டுகிற கத்திக்குப் பொட்டு வைத்துக் காத்திருக்கிற ஆட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

அவன் மனைவி எழில்மதிக்கு அந்த நம்பிக்கை இல்லை. குழாயடியில் அவள் வந்ததும் பேச்சு நின்றுபோவதை அவள் கவனித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில், கொக்கி வைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கக் காரைக்காலுக்குப் பஸ் ஏறினாள். அவளுக்கு வேலை கொடுப்பது ஜூலியட் அக்கா. சர்ச்சுக்குப் பின்னால் சந்தில் ஒரு சின்னத் தையல் கடை.

ஜூலியட் அக்காவைப் பற்றி ஒரு தகவல். பதினைந்து வருடத்தில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இடுப்பில் ரம்பம் வைத்து இரண்டாக அறுக்கப்பட்டவர். வாள்கள் செருகிய கூடைக்குள் மடங்கி உட்கார்ந்தவர். அந்தரத்தில் மிதந்தவர். அவர் கணவர் ஒரு மேஜிக் கலைஞர். ஊர் ஊராகப் பள்ளிக்கூட ஆண்டுவிழா, பொருட்காட்சி என்று போனவர். கோட்டுப் போட்டுக் கோலை ஆட்டுகிறவருக்குக் கைதட்டல். பெட்டிக்குள் முட்டியை மடக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு முதுகுவலி. அந்த முதுகுவலியோடுதான் அக்கா இப்போது தையல் மிஷின் மிதிக்கிறார்.

எழில்மதி அழுதாள். பிறகு போனில் எடுத்திருந்த முதல் நாள் வீடியோவைக் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தீயா? இது பர்மாங்கனேட்டு. ஊத்துறது நெய் இல்ல, கிளிசரின். ரெண்டும் சேந்தா கொஞ்ச நேரத்துல தானா பத்திக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் மந்திரம். நாங்க இத ஆண்டுவிழாவுல ஆரம்பத்துலயே போட்டுடுவோம். ரெண்டாம் கிளாஸ் புள்ளைங்களே கை தட்டாது."

"பழத்துல ரத்தம் வந்துச்சேக்கா?"

"கத்தியில செம்பருத்திப் பூவத் தேச்சுக் காயவச்சிருப்பான். எலுமிச்சச் சாறு பட்டதும் செக்கச்செவேல்னு வரும். மஞ்சத் தண்ணி உனக்கே தெரியும், நகத்துக்குள்ள சுண்ணாம்பு. விபூதி கஞ்சியில உருட்டுன உருண்ட, கட்டவிரல் இடுக்குல இருக்கும், நசுக்குனா கொட்டும். மெழுகுவத்தி சட்டக்கையிலேந்து வருது. அய்யய்ய, எவ்வளவு மெதுவா எடுக்குறான் பாரேன்! என் வீட்டுக்காரரு பாத்திருந்தா காதத் திருகியிருப்பாரு."

"சரிக்கா, ஆனா கவரு? பெட்டி பூட்டித்தானே இருந்துச்சு? எல்லாரும் பெட்டியவே பாத்துக்கிட்டிருந்தோம்."

"அதான். அவன் உங்கள பெட்டியப் பாக்க வச்சான். நீ பீடத்தப் பாரு." அக்கா வீடியோவை நிறுத்தினார். "பெட்டிய விட்டுட்டுப் பீடத்த மட்டும் ஏன் தூக்கிட்டுப் போறான்? பெட்டிக்கு அடிப்பலக நகரும். கவரெல்லாம் துணிக்குள்ள பீடத்துல விழுந்துரும். இந்த மாதிரி அடிப்பலக வழியா நான் எத்தன தடவ எறங்கியிருக்கேன் தெரியுமா? வேணும்னா பாரு, வியாழக்கிழமையும் பெட்டிய ஊருல வுட்டுட்டுப் பீடத்த எடுத்துக்கிட்டுத்தான் லாட்ஜுக்குப் போவான். ஆவி காட்டிக் கவரப் பிரிப்பான், படிப்பான். வெள்ளக் காகிதத்துல எலுமிச்சச் சாறால எழுதி வச்சுக்குவான். காஞ்சா தெரியாது. வெளக்குல காட்டுனா பழுப்பா வரும்."

"யார் பேர எழுதுவான்?"

"நீங்க யார் பேர நெறைய எழுதுறீங்களோ அந்தப் பேரு. அவனுக்கென்ன தெரியும், பாவம்? ஊரு என்ன நெனைக்குதோ அதையே திருப்பிச் சொன்னா, ஊரு 'ஆமா சாமி, நாங்க நெனச்சது சரியாப்போச்சு'ங்கும். திருடனப் புடிக்க வரலடி அவன். ஓட்டு எண்ண வந்திருக்கான்."

ஓட்டு எண்ணினால் ஜெயிக்கப்போவது யார் என்று எழில்மதிக்குத் தெரியும்.

"போய் எல்லாருக்கும் சொல்லட்டுமாக்கா?"

"சொன்னா, திருடன் பொண்டாட்டி சாமியத் திட்டுறாம்பாங்க. சொல்லாத. ஒரு பேரு எழுதச் சொல்லு." அக்கா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். "பிராங்க்ளின்."

எழில்மதி வீட்டுக்கு வந்தபோது செல்லக்கண்ணு மகளின் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு கவரோடு உட்கார்ந்திருந்தான்.

"யார் பேருங்க எழுதப்போறீங்க?"

"கருப்பையன்."

கருப்பையன் வலை பின்னுகிறவர். ராஜ்மோகன் படகுக்குப் பக்கத்தில்தான் அவர் கொட்டகை.

"அவரு எடுத்ததப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா அங்கதானே எந்நேரமும் உக்காந்திருக்காரு."

"நீங்களும் எந்நேரமும் இஞ்சினத் தொறந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. அதனாலதான் உங்க பேர எழுதுறாங்க. இப்ப கருப்பையண்ணன் வீட்டுலயும் ஒருத்தரு பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, உங்க பேர எழுத."

செல்லக்கண்ணு பேனாவை மூடினான். பிறகு, "நீயே ஏதாச்சும் எழுதிக்க" என்று எழுந்து போய்விட்டான்.

மகளிர் குழுவில் எழில்மதியும் சேர்ந்து பன்னிரண்டு பேர். புதன்கிழமை அவள் அங்கே மந்திரம் தந்திரம் எதையும் அவிழ்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாமிக்குத் திருடன் யாருன்னு நெசமாவே தெரியும்னா, நாம எந்தப் பேர எழுதுனா என்ன? அவரு சரியான பேரத்தானே சொல்லப்போறாரு? நம்ம ஊருல இல்லாத ஒரு பேர எழுதுவோம். பிராங்க்ளின்னு எழுதுவோம். சாமி உண்மன்னா ஒருத்தருக்கும் நட்டமில்ல."

கூட்டத்தில் பக்தி முற்றியவள் இட்லிக் கடை சலோமி. அடிகளார் கொடுத்த மெழுகுவத்தியை மாதா படத்துக்கு முன் வைத்திருக்கிறவள். அவள் யோசித்தாள். நம்பாதவர்களைவிட நம்புகிறவர்கள்தான் இந்தக் கேள்விக்கு மறுப்புச் சொல்ல முடியாது. பார்த்தீர்களா?

"அதான, சாமிக்குத் தெரியாததா?" என்றாள் சலோமி. "நான் எழுதுறேன். என் தங்கச்சி வீட்டுலயும் எழுதச் சொல்றேன்."

ஊரில் கவர் எழுதுவது பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்களுக்குக் கையெழுத்து வரும். அதற்கு மேல் பொறுமை வராது. பன்னிரண்டு வீடு இருபத்துமூன்று வீடானது. இருபத்துமூன்று பெண்கள் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஆண்களிடம் சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் சேதி காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அறுபத்துநான்கு கவர்களும் பெட்டிக்குள் விழுந்தன. தியாகராசன் தன் வீட்டுப் பூட்டைப் போட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். நான்கு இளைஞர்கள் காவல். அடிகளார் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "பீடத்துக்கு மட்டும் அபிஷேகம் இருக்கு" என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார். எழில்மதிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான்கு தடியன்கள் விடிய விடியக் கண் விழித்துக் காற்றைக் காவல் காத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சீடன் பிரவின் இட்லிக் கடைக்கு வந்தான். காவி வேட்டிக்குக் கீழே ஜீன்ஸ் எட்டிப் பார்த்தது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, "ஏங்க்கா, பிராங்க்ளின்னு ஒருத்தர் இருக்காராமே, ஆளு எப்படி?" என்றான்.

சலோமியின் கையில் இருந்த கரண்டி நின்றது. ஊரில் இல்லாத பெயர். எழுதிய இருபத்துமூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாத பெயர். பூட்டிய பெட்டிக்குள் கடலம்மா படித்துக்கொண்டிருக்கிற பெயர். அது இவன் வாயில் எப்படி வந்தது? கடலம்மா இவனிடமா இட்லிக் கடையில் விசாரித்துவிட்டு வரச் சொன்னாள்? அந்த இடத்தில் சலோமியின் பக்தி முடிந்தது. ஆனால் கெட்டிக்காரி, முகத்தில் காட்டவில்லை.

"ஐயோ, அவரா? பெரிய கைகாரருல்ல! கண்ணு முன்னாடியே பொருள மறைச்சிருவாருன்னு சொல்லுவாங்க."

பிரவின் திருப்தியாக இன்னும் இரண்டு இட்லி கேட்டான்.

சாயங்காலம் நான்கு மணி. ஏலக்கூடத்தில் நிற்க இடமில்லை. தூணோரம் ஜூலியட் அக்கா, கையில் ஒரு தையல் பையோடு. செல்லக்கண்ணு முன்வரிசையில் கைகட்டி நின்றான். பெட்டி மறுபடியும் பீடத்தின்மேல். பக்கத்தில் ஓமகுண்டம், காரியம் முடிந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அக்கினிக்குக் கொடுக்க வேண்டுமாம். கடலம்மா படித்ததை மனிதர் படிக்கக் கூடாதாம். என்ன ஒரு ரகசியக் காப்பு!

தீ எரிந்தது. பழம் ரத்தம் சிந்தியது. அடிகளார் வெள்ளைக் காகிதத்தை இருபுறமும் காட்டிவிட்டு விளக்குக்கு மேலே பிடித்தார். எழுத்து ஒவ்வொன்றாகப் பழுப்பேறியது. எழில்மதி கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்துமூன்று போதுமா? மற்ற நாற்பத்தொன்றில் இருபத்துநான்கு பேர் அவள் புருஷன் பெயரை எழுதியிருந்தால்?

தியாகராசன் எழுத்துக்கூட்டி வாசித்தார். "பி... ராங்க்... ளின்."

"யாரு?"

"பிராங்க்ளினா? யாரது?"

அடிகளாருக்கு அருள் பெருகியது. "இந்தக் கூட்டத்துலதான் நிக்கிறான்! ஒடம்பு நடுங்குது அவனுக்கு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கடலம்மாகிட்டேந்து ஒளிய முடியுமா? வாடா வெளிய!"

ஒருவரும் வரவில்லை. தியாகராசன் தலையைச் சொறிந்தார். "சாமி, எங்க ஊருல பிரான்சிஸ் இருக்காரு. பிரான்சுவான்னு ஒருத்தர் இருந்தாரு, அவரு பிரான்சுக்கே போயிட்டாரு. பிராங்க்ளின்னு யாருமில்லீங்களே."

"நான் சொல்றேங்க" என்று ஜூலியட் அக்கா முன்னால் வந்தார். பையிலிருந்து படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு வெள்ளை முயல். "இவருதான் பிராங்க்ளின். என் வீட்டுக்காரரு. காரைக்கால் கல்லறையில ஒம்பது வருசமாப் படுத்திருக்காரு. ஒடம்பு நடுங்குதுங்கிறீங்க. நெஞ்சு அடிச்சுக்குதுங்கிறீங்க. அப்படின்னா நல்ல சேதிதானே சாமி? எங்க நிக்கிறாருன்னு காட்டுங்க. நான் வீட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போயிடுறேன்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. அதை மட்டும் அவர் திட்டம் போட்டு வரவில்லை.

இனி என்ன, அடிகளார் கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? அப்படியானால் உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப ஆவிதான்டா எடுத்திருக்கு!"

"ஆமா, ஆவிதான்! நான் அப்பவே நெனச்சேன்!"

முழுகப் போனவருக்குக் கட்டுமரம் கிடைத்தது. "ஆவி!" என்றார் அடிகளார், கண்ணை உருட்டி. "மந்திரவாதி ஆவி! அதத்தான் கடலம்மா சொல்றா. பிரவின், பெட்டிய அக்கினியில போடு, சீக்கிரம்!"

"போடாதீங்க." இது எழில்மதி. "பிராங்க்ளின்னு எழுதுனது ஆவி இல்ல. நான்தான் எழுதுனேன்."

சலோமி கையைத் தூக்கினாள். "நானும் எழுதுனேன். என் தங்கச்சியும் எழுதுனா. காலையில இந்தத் தம்பி என் கடைக்கு வந்து, பிராங்க்ளின் யாருன்னு கேட்டுச்சு. பெட்டியில பூட்டி வச்ச பேரு ஒனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

ஒரு கை, இன்னொரு கை, அப்புறம் கூடத்தின் அந்தக் கோடியில் நான்கு கை. இருபத்துமூன்று கைகள். புருஷன்மார்கள் தங்கள் மனைவிகளை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"பெட்டி பூட்டியிருக்கு!" என்று கத்தினார் அடிகளார். "ஊரே காவல் காத்துச்சு! நான் எப்படிப் பாத்திருக்க முடியும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றார் ஜூலியட் அக்கா. "தலைவரே, உங்க பூட்டு, உங்க சாவி. கொளுத்துறதுக்கு முன்னாடி ஒருதரம் தொறந்து பாத்துருங்களேன். உள்ள கவரு இருந்துச்சுன்னா நான் சாமி கால்ல விழுறேன்."

தியாகராசன் மடியை அவிழ்த்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கவர்கூட இல்லை.

அக்கா பீடத்தின் சிவப்புத் துணியை, ஜாக்கெட் துணியை உதறுவதுபோல ஒரே உதறாக உதறினார். பீடத்துக்கு வயிறு இருந்தது. வயிற்றுக்குள் அறுபத்துநான்கு கவரும் ஒட்டுப் பிரிந்து கிடந்தன. மேலே ஒரு தாள். பிரவின் பொறுப்பான பையன். கோடு போட்டு எண்ணி வைத்திருந்தான். அக்கா உரக்கப் படித்தார்.

"பிராங்க்ளின் இருபத்துமூணு. செல்லக்கண்ணு பத்தொம்பது. தியாகராசன் ஏழு..."

"என்னாது?" என்றார் தலைவர்.

"...கருப்பையன் ஆறு. ராஜ்மோகன் அஞ்சு."

"என் பொட்டிய நானே திருடுனேனா? எவன்டா அந்த அஞ்சு பேரு?" என்று ராஜ்மோகன் குதித்தார்.

"இருய்யா, மொதல்ல அந்த ஏழு பேரு யாருன்னு பாப்போம்!" தலைவருக்கு வேட்டி அவிழாத குறை. "பெரிய மனுசன் பேர எழுதுறதுக்கு எவ்வளவு திமிரு! கண்ணால பாத்தானா? சாட்சி இருக்கா? சும்மா மனசுல தோணுனத எழுதிடுறதா?"

என்ன அருமையான கேள்விகள்! செல்லக்கண்ணுவை விலக்கி வைக்கத் தீர்மானம் போட்டபோது இவை எங்கே போயிருந்தன? தன் பெயர் வந்தால்தான் சிலருக்குப் புத்தியே வேலை செய்கிறது.

அடிகளாரை அடிக்கக் கை ஓங்கினார்கள். அக்கா தடுத்தார். "அடிக்காதீங்க. அடிபட்டா அதையும் திருத்தழும்புன்னு பிளெக்ஸ் போடுவான். போலீசுக்குச் சொல்லுங்க." பிரவின் அதற்குள் காவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஜீன்ஸோடு ஓடியிருந்தான். அலைமேல் நின்றவர் தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்து, அங்கேயே பிடிபட்டார்.

செல்லக்கண்ணு மட்டும் அசையவில்லை. தரையில் குந்தி, தன் பெயர் எழுதிய பத்தொன்பது காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் ரிப்பேர் நோட்டுல கடன் எழுதுவாங்கல்ல, அதுல எல்லார் கையெழுத்தும் எனக்குத் தெரியும்" என்றான் எழில்மதியிடம். "இது அடுத்த வீடு. இது போன மாசம் நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சுன்னு போன் பண்ணாரே, அவரு. கூப்புட்டதும் போனேன் எழிலு. சோறுகூடத் திங்காம போனேன்."

பத்தொன்பது பேரில் யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர்களில் மூன்று பேர் ரிப்பேர் இஞ்சினோடு அவன் வாசலில் நின்றார்கள். அதுதான் எங்கள் பக்கத்து மன்னிப்பு. அவன் செய்து கொடுத்தான். ஆனால் அவர்கள் டீ வாங்கிக் கொடுத்தபோது குடிக்கவில்லை.

ராஜ்மோகன் என்ன செய்தார் தெரியுமா? அன்றே பொழுது சாய்வதற்குள், பஸ்ஸுக்கு நின்ற ஜூலியட் அக்காவிடம் தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"அக்கா, நீங்க அந்த ஆளவிடப் பெரிய கைன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களே கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன், யார் எடுத்தான்னு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பழத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "ராத்திரிக்கு ரசத்துக்கு ஆச்சு. ஏந்தம்பி, அந்தப் பொட்டிக்கு நம்பர் கிம்பர் எதுவும் கெடையாதா?"

"இருக்குக்கா. பில்லுலயே இருக்கு."

"அத யாருகிட்டயாவது கொடுத்தியா?"

"இல்ல. சாமி வேணாம்னுட்டாரு."

பில் போலீசுக்குப் போனது. ஜிபிஎஸ் பழுது பார்க்கிற கடைகளுக்கு நம்பர் போனது. பதினோராம் நாள் நாகப்பட்டினத்துக் கடை ஒன்றிலிருந்து போன் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் இடங்களைத் தன் பெட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி ஒருவன் கொண்டுவந்திருக்கிறான். யார்? ராஜ்மோகனின் சொந்த மச்சான். பெயிண்ட் அடித்த வாரம் விருந்துக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, சுறாப் புட்டு சாப்பிட்டுவிட்டு, ராஜ்மோகன் மனைவியான தன் அக்காவிடம் ஒரு பையில் கருவாடும் வாங்கிக்கொண்டு போன அதே மச்சான்.

அறுபத்துநான்கு கவரில் ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை.

நாளை உங்கள் ஊருக்கும் ஒரு மகான் வருவார். கவர் கொடுப்பார். சந்தேகப்படுகிறவன் பெயரை எழுதச் சொல்வார். எழுதுங்கள், உங்கள் இஷ்டம். பேனாவைத் திறப்பதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரனும் இந்நேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.